கோயில் மீன் தின்றவள் மகள்

கோரைப்பாயை உதறும்போது ‘சடார், சடார்’ என்று ஒரு சத்தம் வருமே, சின்ன வயதில் எனக்கு விடியல் என்றாலே அந்தச் சத்தம்தான். கொல்லிமலைக் குளிரில் எங்கள் ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நேரத்தில், அம்மா என் பாயை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், வாசலுக்கு அப்பால் மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் நின்று நாலு உதறு உதறுவாள். அதிலிருந்து உதிர்வது மண் இல்லை, தூசி இல்லை. என் தோல். நெல் உமியைப் போல வெள்ளை வெள்ளையாக, ஒரு ராத்திரிக்கு ஒரு கைப்பிடி. யாரும் எழுந்து வந்து பார்ப்பதற்குள் அந்த இடத்தில் சாணித் தண்ணீரைத் தெளித்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் போல அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள். நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அவள் உள்ளே வரும்வரை கண்ணைத் திறக்கமாட்டேன். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

ஒன்பது வயதில், மார்கழிப் பனியில் வந்தது அது. முதலில் முழங்கையில் ஒரு காசு அளவுக்குச் சிவந்து தடித்தது. சொறிந்தேன். மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. உரித்தால் அடியில் பொட்டுப் பொட்டாக ரத்தம். தை பிறப்பதற்குள் இரண்டு முழங்கால், முதுகு, காதுக்குப் பின்னால் என்று ஓடிவிட்டது. குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசினார்கள், நெருப்பு பட்டது போல எரிந்தது. புங்க எண்ணெய் தேய்த்தார்கள், அந்த நாற்றத்துக்கு எங்கள் வீட்டு நாய்கூட எழுந்து தள்ளிப் படுத்துக்கொள்ளும். இப்போது எல்லாரும் ‘சொரியாசிஸ்’ என்று சொல்கிறார்கள், டிவியில்கூட அதற்கு எண்ணெய் விற்கிறார்கள். அப்போது எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. பார்த்தவர்கள் வாயில் என்ன வந்ததோ அதுதான் பெயர். ‘செதிலு’ என்றார்கள். எங்கள் குடும்பத்துக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்து வந்ததுதான்.

ஏன் என்றால், எங்களுக்குச் செதில் என்றால் மீன், மீன் என்றால் சாமி. எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரம் இறங்கி நடந்தால் ஒரு சிவன் கோயில், அதை ஒட்டி ஓடை. அந்த ஓடை மீனை நாங்கள் யாரும் பிடிக்கமாட்டோம், கல் எறிந்து விரட்டக்கூட மாட்டோம். அந்த மீனுக்குப் பொரி போடுவது ஈசனுக்கே படைப்பது மாதிரி. அதைத் தின்றவன் வீட்டில் செதிலோடு பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி எங்கள் காதில் ஏறிப்போன பேச்சு. அப்படிப் பிறந்த பிள்ளையை யாரும் பார்த்தது இல்லை. நான்தான் முதல் பிள்ளையாக வந்து சேர்ந்தேன்.

அதை முதலில் வாய்விட்டுச் சொன்னது என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், புருசன் இல்லாதவள், எங்கள் வாசலுக்கு எதிர் வீட்டில் இருந்தாள். அம்மா அவளை ‘நங்கை’ என்று கூப்பிடுவாள், நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவும் எங்கள் சனம்தான் என்றாலும், பிறந்தது மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சிப் பக்கம். ஏரிக்கரை ஊர். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடு. நான் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது அம்மாவுக்கு மீன் மேல் ஆசை வந்து, மாமன் ஒரு கூடை பிடித்துக்கொண்டு மலை ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பத்து வருசம் கழித்து அத்தைக்கு அந்தக் கூடை ஞாபகம் வந்தது.

மிளகுச் சரத்தைச் சாக்கில் கொட்டி எல்லாரும் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு நாள். நானும் மிதிக்க இறங்கினேன். அத்தை என் காலைப் பார்த்தாள்.

“நீ எறங்காத சாமி, உன் கால்ல இருந்து உதுர்றது மொளகுல உழுந்தா எவன் வாங்குவான்?” என்றாள். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, “ஏண்டி, இவ வயித்துல இருக்கறப்ப உன் தம்பி ஒரு கூடை மீனு கொண்டாந்தானே, அது எந்தத் தண்ணி மீனு?” என்று கேட்டாள்.

“எங்கூரு ஏரி மீனுங்க நங்கை.”

“ஏரி மீனு மலையேறி வார வரைக்கும் நாறாம இருக்குமாக்கும்? வார வழியில ஓடையத் தாண்டித்தானே வந்தான்?”

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. “சத்தியமா ஏரி மீனுதானுங்க. ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க,” என்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலைத்துண்டை அவிழ்க்காமலே ஒருமுறை இறுக்கிக்கொண்டு, காலி சாக்கு எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குள் போய்விட்டார். சாக்கு வாசலிலேயே இருந்தது.

பின்னால் மாமன் வந்து கோயிலில் கற்பூரம் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். ‘புடிச்சவன் ஒத்துக்குவானாக்கும்’ என்று அத்தை ஒரே பேச்சில் அதைத் தள்ளிவிட்டாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சண்டை போடவில்லை. தண்ணீர் எடுக்கும் இடத்தில், களை பறிக்கும் இடத்தில், மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் இடத்தில் என்று போகிற இடத்திலெல்லாம் ஒரு வார்த்தை போட்டு வைத்தாள். ஒரு வருசத்தில் ஊருக்கே அம்மா ‘கோயில் மீன் தின்னவ’ ஆகிவிட்டாள். இதில் கொடுமை என்னவென்றால், கேட்டுக் கேட்டு அம்மாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். “ஒருவேளை உங்க மாமன் வழியில ஒண்ணு ரெண்டு புடிச்சிருப்பானோ என்னமோ கண்ணு, எனக்கு என்ன தெரியும்,” என்று என் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே தனக்குத்தானே பேசுவாள்.

அப்படி நம்ப ஆரம்பித்ததிலிருந்து திங்கட்கிழமை தோறும் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போவாள். முந்தானையில் பொரி. அதைத் தண்ணீரில் தூவிவிட்டு, “ஈசா, தின்னது நானு, புள்ளைய உட்டுரு,” என்று கும்பிடுவாள். முதல் திங்கட்கிழமை நான் கால் கழுவத் தண்ணீரில் இறங்கினேன். பொரியை விட்டுவிட்டு மீனெல்லாம் என் காலுக்கு வந்தன. முழங்காலில், கணுக்காலில் எங்கே பொருக்குத் தட்டி இருந்ததோ அங்கெல்லாம் வாயை வைத்து ‘இச்சு இச்சு’ என்று கொத்தின. வலிக்கவில்லை, கூச்சமாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கரையில் அப்படியே விழுந்து கும்பிட்டாள்.

“பாரு கண்ணு, அதுங்க செதிலை அதுங்களே எடுத்துக்குதுங்க!”

எனக்கும் அது சாமி செய்கிற வேலை என்றுதான் பட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வயதில் அம்மாவைத் தவிர என்னைத் தொட்ட உயிர் அந்த மீன்கள்தான். திங்கட்கிழமைக்காக நான் வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

பங்குனி சித்திரை வெயிலில் உடம்பு கொஞ்சம் தெளியும். ‘சாமி மன்னிச்சிருச்சு’ என்று அம்மா சிரிப்பாள். ஐப்பசி மழை பிடித்து, பனி விழ ஆரம்பித்ததும் பழையபடி வெடித்துக்கொண்டு வரும். உடனே அத்தை, “ஆத்தா ஊட்டுக்குப் போயிருந்தாளே, அங்க என்னத்தத் தின்னாளோ,” என்பாள். நோய் வெயிலுக்கு அடங்கும், குளிருக்கு ஏறும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது ஏறும்போதெல்லாம் அம்மா ஏதோ புதிதாகப் பாவம் செய்துவிட்டாள் என்று ஆனது. அம்மா பிறந்த வீட்டுக்குப் போவதையே விட்டாள். மாமன் கல்யாணத்துக்கு மட்டும் போனாள், அங்கேயும் தாலி கட்டியதும் பந்திக்கு உட்காராமல் மலைக்கு பஸ் ஏறிவிட்டாள். பந்தியில் மீன் இல்லை, இருந்தாலும் அந்த ஊர்த் தண்ணீரே வேண்டாம் என்று வந்துவிட்டாள்.

எனக்கு வெளியே தெரிகிற சீக்கைவிட உள்ளே தெரியாத சீக்கு ஒன்று அந்த வருசங்களில் வளர்ந்தது. அதைச் சொன்னால் சிரிப்பீர்களோ என்னவோ. கருப்பு, ஊதா, பச்சைத் துணி எதுவும் போடமாட்டேன், உதிர்வது தோளில் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருவேன், ஒரு பக்கம் ஆள் இல்லாவிட்டால் பயம் பாதி என்று கணக்கு. எழுந்திருக்கும்போது உட்கார்ந்த இடத்தைப் பாவாடையால் துடைத்துவிட்டுத்தான் நகருவேன். இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் என்னைத்தான். யாராவது சிரித்தால் என்னைத்தான். கோயிலில் பூசாரி விபூதியை என் கையில் படாமல் உயரத்திலிருந்து போடுவார், அந்த விபூதியை நெற்றியில் பூசும்போது கண்ணில் தண்ணீர் வரும். சாமியும் என்னைத் தொடவில்லை என்று நினைப்பேன். அந்தப் பூசாரி எல்லாருக்கும் உயரத்திலிருந்துதான் போடுகிறார் என்பதை நான் கவனித்தது முப்பது வயதுக்கு மேல். எது எனக்காகச் செய்தது, எது எல்லாருக்கும் செய்தது என்று பிரித்துப் பார்க்கிற அறிவையே அந்த நோய் தின்றுவிடும். வேறு எந்த வலியும் அதற்கு ஈடில்லை.

பதின்மூன்று வயதில் ஊர் நோன்பி வந்தது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்த பிறகு பெண் பிள்ளைகள் வட்டமாக நின்று கும்மி அடிப்போம். தன் கையைத் தான் தட்டி, குனிந்து, நிமிர்ந்து, பக்கத்தில் நிற்பவள் கையோடு ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கை நீளம் வைத்த ரவிக்கை போட்டு, உள்ளங்கையில் மருதாணி வைத்துக்கொண்டு நானும் போய் நின்றேன். உள்ளங்கையில் எனக்கு நோய் இல்லை, அதனால் தைரியம். முதல் சுற்றில் என் வலப்பக்கம் நின்ற பெண் என் கைக்கு நேராகக் கையைக் கொண்டுவந்து, தொடாமல், காற்றில் தட்டிவிட்டுப் போனாள். தாளம் தப்பவில்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது சுற்றிலும் அப்படித்தான். மூன்றாவது சுற்றில் இடப்பக்கத்துப் பெண்ணும் அவளைப் பார்த்து அப்படியே செய்தாள். நான் சிரித்துக்கொண்டே அந்தப் பாட்டு முடியும்வரை காற்றோடு கும்மி அடித்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா பொங்கல் சோற்றை இலையில் வைத்து, “எப்படி அடிச்ச சாமி, நல்லா அடிச்சியா?” என்று ஆசையாகக் கேட்டாள். வாசலில் அத்தையும் இன்னும் நாலு பெண்களும் இருந்தார்கள். அப்பாவும் இருந்தார். நான் இலையைத் தள்ளிவிட்டுச் சொன்னேன்:

“நீ நாக்கு ருசிக்குத் தின்ன, நான் செதிலு சொமக்கறேன். என்னை எதுக்குப் பெத்த? அந்த மீனோட மீனா என்னையும் தின்னிருக்கலாம்ல?”

அம்மா சிந்திய சோற்றைப் பொறுக்கி எடுத்தாள், ஒவ்வொரு பருக்கையாக. அப்புறம் எழுந்து கோயிலுக்குப் போனாள். அங்கே கொடுத்த பொங்கல் சோற்றை வெறும் தரையில் கொட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயால் எடுத்துத் தின்றாள். மண்சோறு தின்பது எங்களில் பெரிய நேர்த்திக்கடன்தான், நோன்பிக்கு நாலு பேர் செய்வார்கள். ஆனால் அம்மா அதற்கப்புறம் மாதா மாதம் அமாவாசைக்குத் தின்றாள். வாயெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வருவாள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருப்பேன். அப்பா காட்டுக்குப் போயிருப்பார்.

அதற்கு அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துக்கு, குஷ்டம் என்கிற பெருவியாதி இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் வந்தார்கள். வரிசையில் நிற்கவைத்துச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். என் முறை வந்தது. வந்தவர் நல்ல மனுசர். ஒரு இறகால் தடவிப் பார்த்து, “உணர்ச்சி இருக்குது பாப்பா, இது அது இல்ல, பயப்படாத. கீழ பெரிய ஆஸ்பத்திரில தோல் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு,” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். எழுபது வளைவும் இறங்கி முடிப்பதற்குள் நான் நாலு முறை வாந்தி எடுத்தேன். அம்மா தன் முந்தானையைத்தான் ஏந்தினாள்.

டாக்டரம்மா வயதானவர். கையுறை போடாமல், வெறும் கையால் என் முழங்காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “ஒட்டுற நோய் இல்லம்மா இது. வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?” என்று கேட்டார்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “இல்லீங்க டாக்டரம்மா. தப்பு என்னோடதுங்க. இவ வயித்துல இருக்கறப்ப நான் கோயில் மீனைத் தின்னுபுட்டனுங்க.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “மீனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா,” என்றார். கீழே இருக்கிறவர்களுக்கு எங்கள் சாமியைப் பற்றி என்ன தெரியும் என்பது போல அம்மா லேசாகத் தலையை ஆட்டினாள். நம்பவில்லை. அந்த நேரத்தில்தான் அப்பா, பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீட்டை மேசைமேல் வைத்தார். டாக்டரம்மா சீட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் விரலைப் பார்த்தார். நகத்தில் எல்லாம் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னப் பள்ளம். அது மிளகு பறித்துப் பறித்து வந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

“ஐயா, அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுங்க.”

“பொடுகுங்க,” என்றார் அப்பா. அவர் குரலே மாறிப்போயிருந்தது.

“பரவால்ல, எடுங்க.”

மலைக்குளிருக்கு ஆம்பிளைகள் எல்லாரும் தலையில் துண்டோடுதான் இருப்பார்கள், தூங்கும்போதும் அவிழ்க்காதவர்கள் உண்டு. அதனால் அப்பாவின் துண்டு எங்கள் யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. சனிக்கிழமை தோறும் அம்மா எண்ணெய் தேய்த்துவிடக் கூப்பிடுவாள். ‘நானே தேச்சுக்குவேன்’ என்று ஓடைக்குப் போய்விடுவார். அன்று அவிழ்த்தார். பிடரியில், காதுக்குப் பின்னால், நெற்றி மேட்டில், என் முழங்காலில் இருப்பது அப்படியே தலையில். அதே சிவப்பு, அதே வெள்ளை.

டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். “பரம்பரையா வரலாம், வராமலும் போகலாம். யாரோட தப்பும் இல்ல. அம்மா, நீங்க எதைச் சாப்பிட்டதாலயும் இது வரல.”

அம்மா அப்பாவின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அம்மா எங்களிடம் எதுவும் கேட்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த மெஸ்ஸுக்குள் நுழைந்தாள். ஓட்டலுக்குள் அவள் தானாக நுழைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஏனுங்க, மீன் கொழம்பு இருக்குதுங்களா?”

“வறுவலும் இருக்குதுக்கா. சூடா இருக்குது, வைக்கட்டுங்களா?”

“வையி சாமி. எல்லாத்தையும் வையி.”

அப்பா எதிரில் உட்கார்ந்தார். துண்டை மறுபடி கட்டவில்லை, மடியில் மடித்து வைத்திருந்தார். அம்மா ஒரு துண்டு மீனை முள் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள். தொண்டைக் குழி ஏறி இறங்கியது, ஆனால் அது உள்ளே போகவில்லை. எழுந்து போய்க் கை கழுவும் இடத்தில் துப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “எறங்க மாட்டீங்குது,” என்றாள். ஏதோ அவள்மேல்தான் தப்பு என்பது போலச் சொன்னாள். பிறகு அப்பாவிடம் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“சின்னதுல முதுகெல்லாம் இருந்துச்சு. பொண்ணு குடுக்க மாட்டாங்க, ஆருகிட்டயும் சொல்லாதேன்னு அக்காதான் சொல்லுச்சு. அப்பறம் தலையோட நின்னுபோச்சு.”

“நான் அதைக் கேக்கலீங்க. நங்கை என்னைச் சொன்னப்ப, உங்களுக்குத் தெரியுமுங்களா?”

அப்பா சோற்றில் கையை வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பே ஊற்றாத வெறும் சோறு. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. தன் இலையில் இருந்த மீனை எடுத்து என் இலையில் வைத்தாள். “நீ தின்னு கண்ணு. ருசியா இருக்கும்.” நான் பிறந்ததிலிருந்து மீன் தின்றதில்லை. தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. நாலு துண்டு தின்றேன். அம்மாவை நான் நோன்பி அன்று சொன்ன சொல் அந்த மேசைமேல்தான் கிடந்தது. அதை எடுத்து மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தின்பதற்கு மட்டும் வாய் வந்தது.

அதற்கப்புறம் வீட்டில் பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அத்தையிடம் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் நங்கை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள், ஏதாவது சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். அப்பா அதற்குப் பிறகு வாசலில் துண்டு கட்டாமல் உட்கார ஆரம்பித்தார், தினமும் என் பாயை அவரே எடுத்து உதறினார். ஊரில் போய் ‘என் பெண்டாட்டி மேல் தப்பில்லை’ என்று சொல்ல மட்டும் அவரால் கடைசிவரை முடியவில்லை. மண்சோறு நின்றது. திங்கட்கிழமை பொரி நிற்கவில்லை. “அதான் இல்லேன்னு ஆயிப்போச்சே, இன்னும் எதுக்கும்மா போற?” என்று கேட்டேன். “அதுங்க என்ன பண்ணுச்சு பாவம், பாத்துக்கிட்டு நிக்கும்ல,” என்றாள்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தது நல்ல வெயில் காலம், உடம்பு தெளிந்திருந்த நேரம். ‘கை நீளமா ரவிக்கை போட்டுக்க, வாயத் தொறக்காத’ என்றார்கள் வீட்டில். நானும் திறக்கவில்லை. பத்தாவது வரை படித்தவள்தான், டாக்டரம்மா சொன்னதைக் காதால் கேட்டவள்தான், இருந்தும் வாயை மூடிக்கொண்டு தாலி வாங்கிக்கொண்டேன். ஈசன் புண்ணியத்தில் என் வீட்டுக்காரர் தங்கமானவர். மூன்றாம் நாள் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு நாள் மூடிக்கிட்டு இருந்த, புழுக்கமா இருந்திருக்குமே,” என்று மட்டும் கேட்டார். ஆனால் மகன் வயிற்றில் இருந்த பத்து மாதமும் நான் மீன் தின்னவில்லை, முட்டை தின்னவில்லை, வீட்டு மரத்துப் பலாச்சுளையைக்கூடத் தொடவில்லை. தின்பது எதனாலும் வராது என்று அறிவுக்குத் தெரியும். பயத்துக்குத் தெரியவில்லை. பிள்ளை பிறந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கையைத்தான் திருப்பிப் பார்த்தேன்.

இப்போது அப்பா இல்லை, அத்தை இல்லை. அம்மா போய் இரண்டு வருசம் ஆகிறது. கடைசிவரை அவளுக்கு மீன் இறங்கவில்லை. படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் துணிந்து, “அம்மா, நோன்பி அன்னிக்கு நான் ஒரு பேச்சுப் பேசினேனே,” என்று ஆரம்பித்தேன். “எந்த நோன்பி கண்ணு? எனக்கு நெனப்பில்லையே,” என்றாள். மறந்துதான் போனாளா, எனக்காக மறந்தாளா, இனி யாரிடம் போய்க் கேட்பது? கோயில் ஓடையில் மீன் குறைந்துவிட்டது, வருகிறவர்கள் பிஸ்கட்டைப் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகளுக்கு ‘செதிலு’ என்ற அந்தப் பேச்சே தெரியாது. நல்ல மருந்து வந்துவிட்டது, என் உடம்பும் முக்கால்வாசி தெளிந்துவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் என் கால் தன்னால் ஓரச் சீட்டுக்குத்தான் போகிறது, எழுந்திருக்கும்போது கை தன்னால் சீட்டைத் துடைக்கிறது.

போன தை மாதம் மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். அடிவாரத்தில் நல்ல குடும்பம், விவசாயம். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. காபி குடித்து முடித்ததும் நான் ரவிக்கைக் கையை ஏற்றி முழங்கையைக் காட்டினேன். “எங்க வகையில இந்தத் தோல் சீக்கு இருக்குதுங்க. ஒட்டாது. எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்குது. பையனுக்கு இதுவரைக்கும் இல்லீங்க, வந்தாலும் வரலாம். நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கு வந்துச்சுன்னா அது எங்க பக்கத்துல இருந்து வந்தது. உங்க பொண்ணை ஆரும் ஒரு சொல்லு சொல்லக்கூடாது. அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்,” என்றேன். பெண்ணின் அம்மா என் முழங்கையைப் பார்த்தாள், பிறகு தன் மகளைப் பார்த்தாள். “யோசிச்சுச் சொல்றமுங்க,” என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது மகன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டான், “உன்னை ஆராச்சும் கேட்டாங்களாம்மா? வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உனக்கு?” அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவன் ஆயாளை, என் அம்மாவைப் பற்றி, அவள் தின்ற மண்ணைப் பற்றி, நான் அவளைச் சொன்ன சொல்லைப் பற்றி இதுநாள்வரை அவனிடம் சொன்னதில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அவன் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

இன்னொரு வீட்டுக்கு உனக்குப் பெண் பார்க்கப் போனாலும் நான் சொல்லத்தான் போகிறேன், சாமி. கோபித்துக்கொள், பரவாயில்லை. எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது, நம் வீட்டுக்கு என்று ஒருத்தி வருவாள். அவள் உண்டாகி இருக்கும்போது, எதை நினைத்து ஆசைப்படுகிறாளோ அதைப் பயமில்லாமல் வயிறாரத் தின்னட்டும்.